கேள்வி எண் முப்பத்தேழு

காலாண்டுத் தாள்கள். ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு, நாற்பத்தொன்று.
வில்லாபுரத்து மாடி அறையில்
ஏசியை இருபத்தொன்றில் வைத்துத் திருத்துகிறேன்.
புரட்டாசியிலும் சுவர் கொதிக்கிறது.
ஏசிக்கு இன்னும் எட்டுத் தவணை பாக்கி.

'காலநிலை மாற்றத்தைத் தடுக்க
நீ செய்யக்கூடிய ஐந்து செயல்களை எழுதுக.'
கேள்வி நான் எடுத்தது.
விடைக்குறிப்பும் என் கையெழுத்துதான்:
தேவையற்றபோது மின்விசிறியை நிறுத்துவேன்,
காரைத் தவிர்ப்பேன், மரம் நடுவேன்,
நெகிழியைக் குறைப்பேன், இப்படி.

சஃப்ரின் காரைத் தவிர்த்துவிட்டாள்.
அவள் அத்தா கீரைத்துறையில்
தள்ளுவண்டியில் பழம் விற்கிறார்.
ஐந்துக்கு ஐந்து.
முகேஷ்கண்ணன்
விமானப் பயணத்தைக் குறைத்துக்கொள்வதாக
வாக்குக் கொடுக்கிறான்.
அவனுக்குத் தெரிந்த விமானம்
அவனியாபுரத்துத் தகரக் கூரைக்கு மேலே
தாழ இறங்கும் சத்தம்.
ஐந்துக்கு ஐந்து, அடித்தல் திருத்தல் இல்லை.

இருபத்துமூன்றாவது தாள் சோணைபிரதீப்.
வீடு வெள்ளைக்கல் குப்பைக்கிடங்குப் பக்கம்.

'1. ஃபேன் ஓடவில்லை. கண்டென்சர் போய்விட்டது.
2. கார் இல்லை.
3. மரம் நட்டேன். நீங்கள் கொடுத்த புங்கங்கன்று.
குப்பை லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஏறிவிட்டது.
4. பால் கவர் தனி, தண்ணி பாட்டில் தனி, மூடி தனி.
மூடிக்கு விலை கூட.
சிப்ஸ் பாக்கெட்டை யாரும் எடுக்க மாட்டார்கள்.
அதுதான் எரிகிறது.
எரியும் நாளில் அம்மா
துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளும்.
5. டீச்சர், கேள்வியில் நீ என்று இருக்கிறது.
அது யார்?'

ஆடி மாதம் இந்தப் பாடத்தை நடத்தினேன்.
பனிக்கட்டி உடைந்து கரடி நீந்துவதை
ஸ்மார்ட் போர்டில் காட்டினேன்.
பாவம் டீச்சர் என்றது முன்வரிசை.
பின்வரிசையில் அவன் இருமிக்கொண்டே இருந்தான்.
தண்ணி குடிடா என்றேன்.
பாட்டில் கொண்டுவரலையா என்றேன்.
அவ்வளவுதான் நான் கேட்டது.

மறுநாள் சாப்பாட்டு மணியில்
தமிழ் டீச்சர் மங்கையர்க்கரசியிடம் போனேன்.
'கேக்குறவரையும் சேத்தா நாம்.
விட்டுட்டா நாங்கள்.
சின்ன வகுப்புப் பாடம், மறந்துபோச்சா?'
எலுமிச்சை சாதத்தில் மிளகாயை ஒதுக்கினார்.

'நாம் செய்யக்கூடிய' என்று மாற்றினால்
என் ஏசியும் அவன் ஃபேனும்
ஒரே சொல்லுக்குள் நின்று
ஒரே அளவு வெட்கப்பட வேண்டும்.
'நாங்கள்' என்றால் அவனுக்குப் பரீட்சையே இல்லை,
எழுத வேண்டியது நான்.
'நீங்கள்' என்று
அவன் கேட்டிருக்கலாம்.
மரியாதைக்காரப் பையன்.
'யார்' என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

நாலாவதற்கு மட்டுமே
ஐந்தும் போடலாம்.
ஒரு மூடிக்கு என்ன விலை என்று
எனக்குத் தெரியாது, பாடநூலுக்கும் தெரியாது.
ஐந்தாவதற்குக் கீழே
மூன்று கோடு வெற்றிடம் இருந்தது.
பேனாவை அங்கே கொண்டுபோய்
ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.
புள்ளி பெரிதானது, எடுத்துவிட்டேன்.

ராத்திரி ஏசியை அணைத்து
ஜன்னலைத் திறந்தேன், பெரிய காரியம் செய்கிறவளைப்போல.
தெற்கேயிருந்து காற்று வந்தது.
ரப்பரும் முடியும் கருகும் வாடை.
இன்றைக்கு எரிகிறது போல.

மூடினேன்.
ரிமோட்டைத் தேடினேன்.

பதிவேட்டில் நாற்பது கட்டங்களில் மை காய்ந்துவிட்டது.
இருபத்துமூன்று மட்டும்
இன்னும் பென்சிலில் இருக்கிறது.
தலைமையாசிரியர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.